கூரையில் போட்ட பல்

லிடியாவுக்குக் கோபம் வந்தால் தெருவில் யாரும் பயப்படுவதில்லை, மணி பார்த்துக்கொள்வார்கள். காலை எட்டேகாலுக்கு அவள் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் பாலில் தண்ணீர் கலந்தவரையும், சாக்கடைக்குள் குப்பையைத் தள்ளியவரையும், வழியில் சைக்கிளை நிறுத்தியவரையும் ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் கிளம்புவாள். "லிடியாக்கா சத்தம் கேக்குது. எட்டாகப் போகுது, புள்ளையக் கிளப்பு" என்று பக்கத்து வீடுகளில் பேசிக்கொள்வார்கள்.

வேடசந்தூர் ரோட்டில், டவுன் முடிந்து சோளக்காடு தொடங்குகிற இடத்தில் இருபது வீட்டுக் காலனி. அதில் மூன்றாவது வீடு அவளுடையது. புருஷன் ரொனால்டு லோடு ஆட்டோ ஓட்டுகிறார், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி, வெங்காயம். வீட்டில் அவர் குரல் கேட்கவே கேட்காது. அவர் பங்கையும் சேர்த்து லிடியா பேசிவிடுகிறாள் என்பது தெருவின் கணக்கு.

"அந்தப் பொம்பள சிரிச்சு நான் பாத்ததில்ல" என்பாள் மாடு வைத்திருக்கும் மூக்காயி. உண்மைதான். யாராவது வேடிக்கையாகப் பேசினால் லிடியா உதட்டை இறுக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பாள். விசேஷ வீட்டில் முறுக்குக் கொடுத்தால் கடிக்காமல் கைப்பையில் போட்டுக்கொள்வாள். கர்வம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வயது நாற்பத்தாறு. அதில் இருபத்திரண்டு வருடம் டாக்டர் பிராங்கிளினின் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராகப் போய்விட்டது. டாக்டர் கை நீட்டினால் கேட்காமலே சாமான் வரும். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, சிமெண்ட் குழைப்பது, ஊசியைக் கண்டு அலறும் பிள்ளைகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வது எல்லாம் அவள்தான். அந்தப் பிள்ளைகளிடம் மட்டும் அவள் கத்த மாட்டாள். கூட வந்த பெரியவர்களைத்தான் வறுத்தெடுப்பாள்.

காரணம் இருந்தது. முன்பல் உடைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே ஓடி வருகிறவர்கள் பத்துக்கு இரண்டு பேர். மற்றவர்கள் ரத்தம் நின்றதும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். மூன்று வருடமோ நான்கு வருடமோ கழித்து, பல் கறுத்து, ஈறில் சீழ்க் கொப்புளம் கட்டியபின் வந்து நிற்பார்கள். "எப்ப விழுந்துச்சு?" என்று லிடியா கேட்டால், "அது ஆச்சு சிஸ்டர், மூணாப்பு படிக்கும்போது" என்பார்கள். அப்போது அவளுக்குக் காது மடல் சிவக்கும்.

இதற்கு மேல் காலனி அடிகுழாய் வேறு. கைப்பிடி மேலே எழும்பும்போது தடுத்து நிறுத்த அதில் ஒரு இரும்புப் பின்னும் ரப்பர் கட்டையும் உண்டு. அந்தப் பின் தேய்ந்து விழுந்து இரண்டு வருடமாகிறது. அடித்துவிட்டுக் கையை எடுத்தால் கைப்பிடி குதிரை உதைப்பதுபோல் எகிறும். பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். பிள்ளைகளின் வாய் சரியாக அந்த உயரத்தில் இருந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளுக்கு உதடு கிழிந்தது. லிடியா ஊராட்சி அலுவலகத்தில் மூன்று முறை எழுதிக்கொடுத்தாள். மூன்று முறையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த புதிது. ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து, கறி எடுத்துக்கொண்டு ஒன்பதரைக்கு லிடியா தெருவுக்குள் வந்தாள். ஐந்தாவது வீட்டு வாசற்படியில் கீர்த்தனா உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது, ஐந்தாம் வகுப்பு. வாயைத் துண்டால் பொத்தியிருந்தாள்.

"என்னடி வாயில?"

கீர்த்தனா கண்ணை மட்டும் உயர்த்தினாள். உள்ளேயிருந்து அவள் அம்மா சுகன்யா பதில் சொன்னாள். "அடிகுழாய்க் கம்பி பட்ருச்சுக்கா. பால் பல்லுதான், பாதி ஒடஞ்சு விழுந்துருச்சு. மஞ்ச வச்சு விட்டேன், ரத்தம் நின்னுருச்சு."

லிடியா கறிப்பையைப் படியில் வைத்துவிட்டுத் துண்டை விலக்கினாள். மேல்வரிசையில் வலது முன்பல் சாய்வாகப் பாதி போயிருந்தது. உடைந்த இடத்தின் நடுவில் கேழ்வரகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி அவளுக்குத் தெரியும். பல்லின் உயிர் அதுதான். அது வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

"எப்ப?"

"நேத்து சாயந்தரம். அஞ்சரை இருக்கும்."

பதினாறு மணி நேரம். "ஏழு மணிக்கு நான் வீட்டுக்கு வந்துட்டேன். ரெண்டு வீடு தள்ளி இருக்கேன். ஒரு எட்டு வந்து சொல்ல மாட்டியா?"

சுகன்யா கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றாள். "நீங்க கத்துவீங்கன்னுதான்க்கா..."

லிடியா படியைச் சுற்றித் தரையைப் பார்த்தாள். "ஒடஞ்ச துண்டு எங்க?"

சுகன்யா கரண்டியைப் பார்த்தாள். கீர்த்தனாதான் விரலை உயர்த்திக் காட்டினாள். விரல் கூரையைக் காட்டியது.

"சாணியில உருட்டிப் போட்டியா?"

"அப்பத்தானக்கா நல்லா முளைக்கும்..."

"ஏ சுகன்யா! ரெண்டாப்புல இதே எடத்துப் பல்லு விழுந்துச்சு. இதே கூரையில போட்ட. நான் பாத்தேன். அது விழுந்துதானே இது முளைச்சுச்சு? ஒரே பல்ல எத்தன தடவ கூரையில போடுவ? இனிமே எங்கேருந்து முளைக்கும், அடிகுழாய்லேருந்தா?"

சத்தம் கேட்டு இரண்டு மூன்று பேர் வெளியே வந்தார்கள். ஒருத்தி உண்மையாகவே மணி பார்த்தாள்.

லிடியா ரொனால்டைக் கூப்பிட்டாள். அவர் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, என்ன ஏது என்று கேட்காமல் வந்தார். சிமெண்ட் சீட்டுக் கூரை, ஏறி நிற்க முடியாது. பூசைக்குக் கட்டிய பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளே ஏணியில் ஏறி, ஒட்டடைக் கம்பால் துழாவினாள்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து எங்க மாட்டுச் சாணிய நோண்டுறாளே, இவளுக்கு என்ன வந்துச்சு?" என்றாள் மூக்காயி கீழே நின்று.

"அத்தை, செத்த நேரம் சும்மா இருங்க. இல்ல, மேல வந்து நீங்க தேடுங்க."

எலுமிச்சம்பழம் அளவு உருண்டை ஒன்று சீட்டின் பள்ளத்தில் உருண்டு வந்தது. மேலே காய்ந்து வெடித்திருந்தது. பிட்டபோது உள்ளே ஈரமாகவே இருந்தது. ஈரத்துக்குள் அந்தத் துண்டு. அரிசியை விடக் கொஞ்சம் பெரிது. லிடியா அதைக் கழுவி, காய்ச்சி ஆறிய தண்ணீரில் போட்டு ஒரு தம்ளரில் மூடி வைத்தாள். டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வத்தலக்குண்டில் ஒரு ஞானஸ்நான விருந்தில் இருந்தார். "கிளம்பும்போது போன் பண்ணு, வந்து திறக்கிறேன். லேட் பண்ணாத, லிடியா. சின்னப் புள்ள, காப்பாத்திரலாம்" என்றார்.

சுகன்யா தலையாட்டினாள், ஆனால் நகரவில்லை. "அவரு வரட்டும்க்கா. அவரக் கேக்காம நான் எப்படி..."

அவர் என்பது உடையப்பன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நல்ல மனுஷன், குடி கிடையாது, மகள் மேல் உயிர். ஷிப்ட் முடிந்து மில் பஸ்ஸில் வந்து இறங்க இரண்டரையாகும். அதுவரை லிடியா அடுப்பில் கறியை வைத்துவிட்டு மூன்று தடவை வாசலுக்கு வந்து பார்த்தாள். கறி அடிப்பிடித்தது. அதற்கும் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சட்டியைத் திட்டினாள்.

உடையப்பன் வந்து, மகளின் வாயைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, கை கால் கழுவிவிட்டு நிதானமாகச் சொன்னார். "இப்ப எதுக்குக்கா? ஓடி ஆடுற வயசு. இன்னைக்குக் கட்டுனா நாளைக்கு மறுபடி இடிச்சுக்கிரும். கல்யாணத்துக்கு முன்னால நல்ல பல்லாப் பாத்துக் கட்டிக்கிரலாம். வலியும் இல்லங்குறா."

"வலி இல்லையா? தண்ணி குடிக்கச் சொல்லுப்பா."

கீர்த்தனா செம்பை வாங்கி, தலையைச் சாய்த்து, தண்ணீர் அந்தப் பல்லில் படாதபடி வாயின் ஓரமாகக் குடித்தாள். ஒரே நாளில் அந்தப் பிள்ளை அதைக் கற்றுக்கொண்டிருந்தது. சுகன்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தம்பி, இதுக்கு வேர் இன்னும் முழுசா வளரல. முளைச்சு ரெண்டு வருஷந்தான் ஆகுது. உள்ள உயிர் இருந்தாத்தான் வேர் வளரும். இன்னைக்குப் பண்ணுனா உயிரோட நிக்கும். நாலு நாள் போச்சுன்னா சீழ் புடிச்சுச் செத்துரும். அப்புறம் அது வளராது, மரக்கட்ட மாதிரி நிக்கும். ஒரு நாள் பொசுக்குன்னு ஒடியும்."

உடையப்பன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பேச்சை லேசாக்குகிற சிரிப்பு. "ஞாயித்துக்கெழமகூடத் தொறக்குறாருன்னா... ஆள் கூட்டிட்டுப் போனா ஒங்களுக்கு ஏதும் தருவாரோக்கா?"

ரொனால்டு ஏணியை எடுக்க வந்தவர் அப்படியே நின்றார். தெரு மொத்தமும் அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தது.

லிடியா கட்டை விரலை மேலண்ணத்துக்குக் கொடுத்து நெம்பினாள். வாயிலிருந்து ஒரு சிவப்புத் தகடு வந்தது. அதன் நுனியில் ஒற்றைப் பல். அதை உள்ளங்கையில் வைத்து உடையப்பனின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இந்தா. கல்யாணத்துக்கு முன்னால கட்டுன பல்லு. நல்லாப் பாத்துக்க."

முன்பல் இருக்க வேண்டிய இடத்தில் சந்து தெரிந்தது. பேச்சில் காற்று அடித்தது. அந்த வாயை ரொனால்டையும் டாக்டரையும் தவிர யாரும் பார்த்ததில்லை.

"சாணார்பட்டிப் பக்கம், எங்கூருப் பள்ளிக்கூடத்துல, அஞ்சாப்பு. இதே அடிகுழாய். எங்கப்பனும் இதேதான் சொன்னாரு, ஒரு எழுத்து மாறல. எட்டாப்புல கறுத்துச்சு. பத்தாப்புல சீழ். என்னைய எந்த போட்டோவுலயாவது வாயத் தொறந்து பாத்திருக்கியா நீ? கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்க அதப் புடுங்கி இத மாட்டுனாங்க. மாமியார் வீட்டுல மூணாம் நாளு, வாய் கொப்புளிக்கும்போது சாக்கடையில விழுந்துருச்சு. இந்தா நிக்கிறாரே, இவருதான் கைய விட்டு எடுத்துக் கழுவிக் குடுத்தாரு. இருபத்திமூணு வருஷமாத் தெனமும் தம்ளர் தண்ணியில கழட்டிப் போட்டுட்டுத் தூங்குறேன். கமிஷனா தராங்க எனக்கு? ஒம் மகளுக்கும் இப்படி ஒண்ணு வேணும்னா சொல்லு, நான் போயி எம் பொழப்பப் பாக்குறேன்."

உடையப்பன் அந்தக் கையைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் நின்றார். கீர்த்தனாதான் கிட்டே வந்து தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது யாரு பல்லு, பெரியம்மா?"

"பிளாஸ்டிக்குடி."

"நைட்டு தம்ளர்ல கெடக்கும்போது பேசுமா?"

"ஒங்க அப்பனவிட நல்லாப் பேசும்."

யாரோ சிரித்தார்கள். உடையப்பன் உள்ளே போய் டிவிஎஸ் எக்செல் சாவியை எடுத்து வந்தார். வண்டியில் மகளை முன்னால் நிறுத்தி, சுகன்யாவைப் பின்னால் ஏற்றினார். லிடியாவைப் பார்க்காமல், "நீங்க மாமாகூட ஆட்டோவுல வாரீங்களாக்கா" என்று மட்டும் கேட்டார். தகட்டை மாட்டிக்கொண்டு, தம்ளரை மடியில் வைத்தபடி அவள் வெங்காய வாசத்தோடு டவுன் போய்ச் சேர்ந்தாள். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் ரொனால்டைத் திட்டினாள்.

டாக்டர் விருந்துச் சட்டையோடு வந்திருந்தார். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உடையப்பனைக் கூப்பிட்டார். "இந்த வேர் நுனியைப் பாருங்க, புனல் மாதிரி விரிஞ்சு திறந்திருக்கு. இது மூட இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷம் ஆகும். அதுவரைக்கும் உள்ள இருக்கிற உயிரை நாம காப்பாத்தணும். மேல அழுக்குப் பட்ட கொஞ்சத்தை மட்டும் எடுத்துட்டு, மருந்து வச்சு மூடுறேன்."

மரத்துப்போகிற ஊசி போட்டார். கீர்த்தனாவின் தலை லிடியாவின் வயிற்றோடு ஒட்டியிருந்தது. பல்லுக்குள் இருந்த சதையின் நுனியை மட்டும் எடுத்ததும் ரத்தம் ஊறியது. லிடியா ஈரப் பஞ்சை வைத்துக் கொடுத்தாள். டாக்டர் அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். இந்த ரத்தம் நின்றால் உள்ளே நல்ல சதை என்று அர்த்தம். நிற்காவிட்டால் இன்னும் ஆழமாகப் போக வேண்டும். ஒரு நிமிடம். இரண்டு. பஞ்சை எடுத்தார். மறுபடி சிவப்பு. லிடியா இன்னொரு பஞ்சு கொடுத்தாள். பதினாறு மணி நேரத்தோடு இன்னும் ஆறரை மணி நேரம் சேர்ந்திருந்தது; அதில் ஐந்து மணி நேரம் ஒரு ஆம்பளையின் தலையாட்டலுக்காகக் காத்திருந்தது. அதை நினைக்க நினைக்க அவளுக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல் இருந்தது; கடித்தால் தகடு நழுவும்.

நான்காவது நிமிடம் பஞ்சு வெள்ளையாக வந்தது.

"நின்னுருச்சு" என்றார் டாக்டர். லிடியா அதற்குள் வெள்ளை மருந்தைக் குழைத்து நீட்டியிருந்தாள்.

உடைந்த துண்டைக் கிருமி போக மறுபடி மறுபடி கழுவி, பசை தடவி, பல்லின் மேல் பொருத்தி நீல வெளிச்சத்தைக் காட்டினார். சாய்வுக்குச் சாய்வு சரியாக உட்கார்ந்தது. ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரிந்தது. "ஆச்சரியமா இருக்கு, லிடியா. ஒரு நாள் முழுக்க வெளியில கிடந்தா காய்ஞ்சு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துரும். இது நிறமே மாறல. சாணிக்குள்ள ஈரமா இருந்ததால..."

"சார், கையெடுத்துக் கும்பிடுறேன், இத வெளிய சொல்லிராதீங்க. நாளைக்கு எங்க தெருவுல எல்லாரும் சாணியோட வந்து நிப்பாங்க."

சாணி என்றதால் தடுப்பூசி ஒன்றும் கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. கீர்த்தனா அதற்குத்தான் அழுதாள்.

பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினார்கள். லிடியா சேலையை மாற்றவில்லை. ஆட்டோவின் பின்கதவுக்குப் போடும் சங்கிலியையும் பூட்டையும் எடுத்துக்கொண்டு போய் அடிகுழாய்க் கைப்பிடியைத் தண்டோடு சேர்த்துக் கட்டிப் பூட்டினாள். சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் குடத்தோடு ஆறேழு பேர் அவள் வாசலில் நின்றார்கள்.

"ஏத்தா லிடியா, என் மாட்டுக்குத் தண்ணி காட்டணும். கழட்டுறதுதான் ஒனக்குப் பழக்கமாச்சே, பூட்டையும் கழட்டு" என்றாள் மூக்காயி. முந்தின நாளே பேர் வைத்தாகிவிட்டது. 'கழட்டுப்பல்லு வீடு' என்றுதான் பிள்ளைகள் அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அத்தை, ஒங்க மாட்டுக்கு முன்பல்லு மேல கெடையாது, அதுக்குப் பயமில்ல. எங்க புள்ளைகளுக்கு இருக்கு. பின்னு வந்தாச் சாவி வரும். தண்ணி வேணும்னா ஊராட்சி ஆபீஸ்ல போயி நில்லுங்க, குடத்தோட போங்க. நானும் வாரேன்."

போனார்கள். திட்டிக்கொண்டே போனார்கள், பாதித் திட்டு அவளுக்கு, பாதி ஆபீசுக்கு. அங்கே இந்த வாரத்துக்குள் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமையும் பூட்டுத் தொங்கியது. பெண்கள் மெயின்ரோட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். லிடியாவும் சுமந்தாள்.

புதன்கிழமை சாயந்தரம் உடையப்பன் ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றார். உள்ளே கட்டை விரல் கனத்துக்கு ஓர் இரும்புப் பின், பழைய மில் பெல்ட்டை வெட்டிச் செய்த ரப்பர் கட்டை ஒன்று. "வொர்க் ஷாப்புல மேஸ்திரிகிட்டக் கேட்டு, கழிவுக் கம்பியில கடைஞ்சேன்க்கா. அளவு சரியா இருக்கும்."

"எவ்வளவு நேரமாச்சு செய்ய?"

"என்ன, ஒரு அரைமணி நேரம்."

அவர் பாராட்டை எதிர்பார்த்தார் போல. லிடியா பின்னைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். அவள் காது மடல் சிவந்தது.

"அரைமணி நேரம். ரெண்டு வருஷமாத் தெனமும் இந்தக் குழாயில குளிச்சுட்டுத்தானே மில்லுக்குப் போற? நீ ஃபிட்டருதானே? எதுல எது கழண்டுருக்குன்னு பாக்குறதுதானே ஒன் வேல? ஒம் மக பல்லு ஒடையணுமா, அதுக்கு அரைமணி நேரம் ஒதுக்க? நானும்தான் மூணு தடவ எழுதிக் குடுத்தேன், பக்கத்து வீட்டு ஆளக் கேக்கணும்னு எனக்குத் தோணுச்சா? நமக்கெல்லாம் என்ன கேடு, தம்பி?"

உடையப்பன் சாவிக்குக் கை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் பின்னை அடித்து இறக்கும்வரை பக்கத்திலேயே நின்று, கைப்பிடியைப் பத்துத் தடவை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்தாள். ரப்பரில் பட்டு 'தொம்' என்று நின்றது. சங்கிலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கீர்த்தனாவை ஆறாம் மாதச் சோதனைக்கு அவளே பஸ்ஸில் கூட்டிப்போனாள். புதிய எக்ஸ்ரேயையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புனல் சுருங்கியிருந்தது. வேர் ஒரு நூல் அளவு நீண்டிருந்தது. குளிர்ந்த பஞ்சைப் பல்லில் வைத்தபோது கீர்த்தனா, "ஸ்ஸ், கூசுது" என்றாள். "கூசட்டும்" என்றார் டாக்டர். "உயிரோட இருக்கு."

லிடியா இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் பிடித்துத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே போனாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கீர்த்தனா கேட்டாள். "பொங்கலுக்குக் கரும்பு கடிக்கலாமா, பெரியம்மா?"

"முன்பல்லால கடிச்ச, முதுகுல வச்சுருவேன். கடவாப்பல்லு என்னத்துக்கு இருக்கு?"

"நீங்க எப்படிக் கடிப்பீங்க?"

"நான் கடிச்சு முப்பத்தஞ்சு வருஷமாச்சு."

கீர்த்தனா அதைக் கொஞ்சம் யோசித்தாள். "நான் துண்டு போட்டுத் தாரேன்" என்றாள்.

அதற்குள் காலனி நிறுத்தம் வந்துவிட்டது. டிரைவர் நிறுத்தாமல் அழுத்தினார். லிடியா எழுந்து நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "யோவ், எத்தன தடவ சொல்றது? டிக்கெட்டு எதுக்கு வாங்குனோம், ஒன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு வேடசந்தூர் போறதுக்கா?" பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாதிக் கத்தலில் தகடு கிளம்பி உதடு வரைக்கும் வந்தது. முன்பென்றால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாரும் பார்க்க அதைக் கட்டை விரலால் அழுத்தி உள்ளே வைத்துவிட்டு, மிச்சத்தையும் கத்தி முடித்தாள். பஸ் நின்றது.